சுரங்கச் செல்வத்தில் தோட்ட மக்களின் பங்கு எங்கே?

உருக்கு உற்பத்திக்கு இன்றியமையாத கோக்கிங் நிலக்கரியை உலகச் சந்தைக்கு மிக அதிகமாக அனுப்பும் நாடு அவுஸ்திரேலியா ஆகும். அதில் பெரும்பங்கு குயின்ஸ்லாந்து மாநிலச் சுரங்கங்களிலிருந்தே செல்கின்றது. 2022 இல் நிலக்கரி விலை உச்சத்தைத் தொட்டிருந்த வேளையில், சுரங்கக் கம்பனிகள் செலுத்தும் உரிமைக் கட்டணத்தை அம்மாநில அரசாங்கம் உயர்த்தியது. தொன்னுக்கு 300 அவுஸ்திரேலிய டொலருக்கு மேற்பட்ட விலையில் 40 சதவீதம் அரசுக்குரியதாயிற்று. கம்பனிகள் கொதித்தெழுந்தன, புதிய முதலீடு இல்லையென்ற எச்சரிக்கையும் வந்தது. ஆயினும் 2024 இல் ஆட்சி மாறிய பின்னரும் அந்த ஏற்பாடு நீக்கப்படவில்லை.

இதனை நாம் இங்கு எடுத்துக்கூறுவதற்குக் காரணமுண்டு. நிலக்கரி எமது மண்ணில் அகழப்படுவதில்லை. நுரைச்சோலை அனல் மின் நிலையத்துக்கும் அது கப்பலில்தான் வருகின்றது. ஆனால் உருக்கு உலைகளின் உட்சுவரில் பதிக்கப்படும் தீக்கற்களுக்குத் தேவையான காரீயம், அதாவது பென்சிற்கரி, கேகாலை மாவட்டத்தின் போகல சுரங்கத்திலிருந்து கிடைக்கின்றது. பாறை வெடிப்புகளில் நரம்புபோல் ஓடும் இத்தூய காரீயத்தை வர்த்தக அளவில் அகழ்ந்தெடுக்கும் நாடு இலங்கையே. 19 ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அச்சுரங்கம் 1971 இல் அரசுடைமையாகி, பின்னர் தனியார்மயமாகி, ஜேர்மனிய நிறுவனமொன்றின் பெரும்பான்மை உடைமையாயிற்று. 2023 டிசம்பரில் சீனா காரீய ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததன் பின்னர், இக்கரிய கனியத்தின் மீது உலகின் பார்வை மேலும் திரும்பியுள்ளது.

அப்பார்வை மண்ணுக்கு மேலே வாழ்வோர் மீதும் திரும்புமா என்பதே எமது கேள்வி.

இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் ஒரு வழமை உண்டு. கிடைக்கும் கல்லின் விலையில் நில உரிமையாளர், அனுமதிப்பத்திரக்காரர், குழிக்குள் இறங்கும் தொழிலாளர் ஆகியோருக்குப் பங்குண்டு. மாணிக்க வியாபாரத்தில் தலைமுறைகளாக ஈடுபட்டுவரும் முஸ்லிம் வர்த்தகர்கள் இதனை நன்கறிவர். நில உரிமையாளரின் சம்மதமின்றி அகழ்வதற்கும் அனுமதியில்லை. ஆனால் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடைத் தோட்டங்களின் லயன்களில் நான்கைந்து தலைமுறைகளாக வாழும் மக்களில் பெரும்பாலோருக்கு நிலமே சொந்தமில்லை. அரச காணிகளான தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. உரிமையாளராக இல்லாதவர் சம்மதிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பங்கு கேட்பது எங்ஙனம்?

அபாயத்தில் மட்டும் அவர்களுக்குப் பங்குண்டு. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தபோது, கிராமத்தவரோடு தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் மண்ணில் புதையுண்டன. அச்சரிவுகளுக்குக் காரணம் பெருமழை. சுரங்கமென்று நாம் கூறவில்லை. எனினும் இத்தகைய சரிவுகளில் புதிதாகக் குழி தோண்ட அனுமதிக்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெறப்பட்டு, அது தமிழிலும் அங்கு வாழும் மக்களின் கைக்குக் கிடைக்க வேண்டும்.

கனிய வருமானத்தில் குறித்த ஒரு பகுதி அகழ்விடத்துப் பிரதேச சபைக்கே செல்ல வேண்டுமெனச் சட்டம் இயற்றுவது அரசாங்கத்துக்கு இயலாத காரியமன்று. அதற்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது, தோட்ட மக்கள் குடியிருக்கும் காணித்துண்டுக்கு உறுதிப்பத்திரம் வழங்குவதாகும்.