திருகோணமலையில் ஒரு மாலைப்பொழுது

புலம்பெயர்ந்த நண்பர்கள் விடுமுறைக்கு ஊர் வருமுன் தவறாமல் கேட்பதுண்டு: திருகோணமலைக்கு எப்போது செல்லலாம்? நத்தார் விடுமுறை உகந்ததன்று. அது வடகீழ்ப் பருவமழைக் காலம். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். நிலாவெளியில் நீராடலாம்; புறாத்தீவில் பவளப்பாறைகளைக் காணலாம்; கன்னியா வெந்நீரூற்றுகளுக்கும் கோணேசர் கோயிலுக்கும் சென்று வரலாம்.

இவற்றோடு, நகரக் கடற்கரைக்கும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். அங்கே, காந்தி சிலைக்கு அண்மையில், 2006 ஜனவரி 2 அன்று மாலை கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். வழக்கில் சந்தேகநபர்களாக நிறுத்தப்பட்ட பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரும், போதிய சான்று இல்லையென 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர்.

விடுதிகளின் விளம்பரங்களில் இச்செய்தி இடம்பெறாது. விடுமுறையைத் துக்கநாளாக்கும்படி நான் கூறவில்லை. கடலழகை நுகர்வதில் குற்றமில்லை. ஆயினும், நீதிமன்றம் மூடிவிட்ட கோவையை நினைவில் திறந்து வைத்திருப்பது நம் கையிலேயே உள்ளது. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்பார்கள்; மறைக்காமல் சொல்லுங்கள்.