பண்ருட்டிப் பழமும் பட்டணத்து விருந்தும்

நியூயார்க் நகரில் 2021ஆம் வருஷத்தில் 'செம்ம' என்ற பெயருடன் ஒரு போஜன சாலை திறக்கப்பட்டது. அந்நகரில் பல ஹோட்டல்களை நடத்திவரும் 'அன்அபாலஜெட்டிக் ஃபுட்ஸ்' என்னும் நிறுவனத்தைச் சேர்ந்தது அது. அதன் சமையல் தலைவர் ஸ்ரீ விஜய் குமார் நத்தம் பக்கத்துக் கிராமத்துக் குடியானவர் வீட்டில் வளர்ந்தவர். வயல் நத்தையைப் பிரட்டி வைத்து அவர் அமெரிக்கக் கனவான்களை வசப்படுத்தியிருக்கிறார். 2022இல் மிஷலின் நட்சத்திரமும், 2025இல் ஜேம்ஸ் பியர்ட் பரிசும் அவரைத் தேடி வந்தன. பட்டிக்காட்டு உணவென்று நாம் ஒதுக்கியதற்கு நியூயார்க்கில் கிடைத்த மரியாதை இது.

நம் சென்னையில் நடப்பதோ தலைகீழ். 'உலக ருசிகள்' என்று விளம்பரம் செய்யும் ஹோட்டல்கள் பெருகி வருகின்றன. இத்தாலியப் பண்டமும், ஜப்பானியப் பண்டமும், கண்ணாடிக் கிண்ணத்தில் வர்ண வர்ணமான மதுக் கலவைகளும் அங்கே கிடைக்கின்றன. அந்நிய உணவின்மீது நமக்குத் துவேஷம் இல்லை. மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. மிளகாயில்லாத குழம்பை இன்று எந்த வைதிகரும் சகிக்கமாட்டார். நம்முடைய ஆட்சேபம் வேறு. உலகம் முழுவதும் தேடும் இந்த ஹோட்டல்காரர்களின் கண்ணுக்கு நாலைந்து மணி நேரப் பிரயாணத்திலுள்ள பண்ருட்டி மட்டும் ஏன் படவில்லை?

முந்திரியும் வந்தேறிதான். அதன் தாயகம் பிரேஸில். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்தது. பங்குனி, சித்திரையில் பண்ருட்டிப் பக்கத்துத் தோப்புகளில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்த வாசனை மறக்காது. சிவப்பும் மஞ்சளுமான பழங்களிலிருந்து கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மண்ணிலேயே எறிந்துவிடுகிறார்கள். கொட்டையைப்போல் பல மடங்கு எடையுள்ளது அப்பழம். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் 'சி' உடையது. சிறுவர்கள் உப்புத் தொட்டுத் தின்பதும், மாடுகள் மேய்வதும் போக மீதி அழுகுகிறது. பறித்த மறுநாளே கெட்டுவிடும் பழம். தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு வேறு. குடியானவனைக் குறை சொல்வதற்கில்லை.

அவனுடைய நிலைமையையும் நினைக்கவேண்டும். 2011 டிசம்பர் 30ந் தேதி வீசிய தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. ஒரு தலைமுறையின் தோப்பு ஓர் இரவில் போயிற்று. காடாம்புலியூரில் கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைத் தோட்டின் எண்ணெய் அரிக்கிறது. அவர்கள் உடைக்கும் கொட்டையிலோ பெரும் பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருவது. பருப்பு ஒன்றையே நம்பியிருக்கும் ஜில்லாவுக்குப் பழத்திலும் நாலு காசு கிடைத்தால் அது சிறிய விஷயமா?

கோவாவில் இப்பழத்தைப் புளிக்கவைத்து வடித்து 'ஃபெனி' என்கிறார்கள். 2009இல் அதற்குப் புவிசார் குறியீடும் பெற்றார்கள். நமக்கு அவ்வழி வேண்டாம். 1937 அக்டோபர் 1ந் தேதி சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிய மாகாணம் இது. 2003 முதல் சர்க்காரே கடை வைத்துச் சாராயம் விற்கும் வெட்கக்கேட்டுடன் இன்னொன்றைச் சேர்க்க நாம் சம்மதியோம்.

வேறு வழி பிரேஸிலிலேயே இருக்கிறது. பியாவுயி என்ற ராஜ்யத்தில் முந்திரிப் பழச் சாற்றைத் தெளியவைத்துத் துவர்ப்பை நீக்கி, புட்டியில் அடைத்து, கொதிநீரில் நெடுநேரம் வேகவைக்கிறார்கள். பழத்தின் சர்க்கரை பாகுநிறம் கொள்ள, பொன்னிறப் பானம் கிடைக்கிறது. 'கஜுயீனா' என்று அதற்குப் பெயர். மது ஒரு துளியும் இல்லை. 2014இல் பிரேஸில் சர்க்கார் அதைத் தேசத்தின் பண்பாட்டுச் செல்வமாக அங்கீகரித்தது. அங்கே தெளியவைக்க ஜெலட்டின் சேர்ப்பார்கள். மாமிச சம்பந்தமென்று தயங்குகிறவர்களுக்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தார் ஜவ்வரிசிக் கஞ்சியாலேயே அதைச் செய்யலாமென்று காட்டியிருக்கிறார்கள். ஜவ்வரிசிக்கோ சேலத்தில் பஞ்சமில்லை. நம் மதுவிலக்குச் சட்டத்தை நாம் வக்கீல் கண்ணுடன் புரட்டிப் பார்த்தோம். புளிக்காத பழச்சாற்றை அது தடுக்கவில்லை.

விருத்தாசலத்தில் முந்திரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ரகங்களைக் கண்டுபிடித்தது போதாது. பறித்த அன்றே சாறு பிழியும் சிறு யந்திரங்களைக் கிராமத்துக்குக் கிராமம் வைக்க சர்க்கார் அதற்குப் பணம் கொடுக்கவேண்டும். கடன் கொடுக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் முன்வரவேண்டும். ஆனால் வாங்குவோர் நிச்சயமில்லாமல் எந்தக் குடியானவனும் யந்திரத்தில் கை வைக்கமாட்டான். ஆகையால் முதல் அடி ஹோட்டல் முதலாளிகளுடையது. ஒரு பருவத்துக்கு இத்தனை புட்டி, இன்ன விலை என்று தோப்புக்காரருடன் முன்கூட்டி ஒப்பந்தம் எழுதட்டும். உணவுப் பட்டியலில் பண்ருட்டியின் பெயரைப் போட்டுவிட்டு எங்கோ வாங்கிய பாகைக் கலக்கும் தந்திரம் வேண்டாம். தை மாதத்தில் முந்திரி பூக்கும்; அதற்குள் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும்.