பயணத்தின் நோக்கம்: சும்மா

அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பயணப்படி பில் பார்த்தவன் நான். அதில் ‘பயணத்தின் நோக்கம்’ என்று ஒரு கட்டம் உண்டு. காலியாக இருந்தால் பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இப்போது ஊர் பார்க்கப் போகிறவர்களும் அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். அது தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மகளை விருதுநகரில் கொடுத்திருக்கிறேன். பங்குனிப் பொங்கலுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார். காமராஜர் இல்லம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில், பால்கோவா, ராத்திரி எண்ணெய் பரோட்டா. எல்லாம் நல்லவைதான். “நீங்க போய்ட்டு வாங்க மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டு, சிவகாசி பஸ் ஏறித் திருத்தங்கலில் இறங்கிக்கொண்டேன்.

புதுச்சேரியில் ஃபிரெஞ்சில் படித்தவன் நான். திட்டமில்லாமல் தெருத்தெருவாக நடப்பதற்கு அந்த மொழியில் ‘ஃப்ளானே’ என்று ஒரு சொல் உண்டு. அதை ஒரு கலையாகவே எண்ணுபவர்கள் அங்கே இருக்கிறார்கள். நம் ‘சும்மா’வுக்குத்தான் மதிப்பில்லை.

ஆளரவமில்லாத ஒரு தெருவில், வாசல் நிழலில் ஒரு அம்மா காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தார்.

“யாரைத் தேடுறீக ஐயா?”

“யாரையும் இல்லம்மா. சும்மாதான் வந்தேன்.”

“சும்மா யாரு வருவா? தீபாவளிக்கு முன்னால வெடி வாங்க வருவாக. எங்கயாச்சும் வெடிச்சா பேப்பர்காரக வருவாக. நடுவுல ஒருத்தரும் வந்தது கெடையாது.”

தண்ணீர் கொடுத்தார். மருமகள் ஆலையில் மருந்து செலுத்தும் வேலையாம். பங்குனி வெயில் ஏற ஏறத் தனக்கு வயிற்றைக் கலக்கும் என்றார். சாயங்காலம் அவள் வீட்டுப் படியேறும் வரை சோறு இறங்காதாம்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. நாடே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. நவம்பர் 13 தீபாவளி. பட்டாசுப் பெட்டியோடு எல்லோரும் மறந்துவிட்டோம். நானும்தான்.

“அடுத்தவர் கஷ்டத்தை வேடிக்கை பார்க்கப் போகச் சொல்கிறீரா?” என்று கேட்பீர்கள். வேடிக்கை பார்ப்பவன் கேமராவோடு போவான், பத்து நிமிஷத்தில் திரும்பிவிடுவான். சும்மா நடக்கிறவனைத்தான் தெரு வேடிக்கை பார்க்கும். யார், எந்த ஊர் என்று அதுதான் விசாரிக்கும். பதில் சொல்லி உட்கார்ந்தால், நாமும் இரண்டு கேள்வி கேட்கலாம். அந்த மருமகள் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டுமே என்ற கவலை நமக்கும் வரும். விலையை மட்டும் விசாரித்துவிட்டு வருகிறவனுக்கு அந்தக் கவலை வராது.

நம்ம விருதுநகர்க்காரர்களுக்கே சொல்கிறேன். சிவகாசி பக்கத்து ஊர்தான். வெடி வாங்க அல்லாமல் அங்கே எத்தனை முறை இறங்கியிருக்கிறீர்கள்? வரும் பங்குனியில் ஒரு நாள் போய் நடந்து பாருங்கள். நோக்கம் என்ற கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். இந்தத் தடவை பில்லைத் திருப்பி அனுப்பமாட்டேன்.