பட்டமா வைத்தியம் செய்கிறது?

டாக்டர் மேற்பார்வையில் நோயாளியை விசாரித்து, சோதித்து, சிகிச்சைக்குத் துணை நிற்கும் ‘பிசிஷியன் அசிஸ்டெண்ட்’ வேலைக்கு எம்.எஸ்ஸி. பட்டம் இருந்தால்தான் யோக்கியதை உண்டென்று சிலர் சொல்லுகிறார்கள். இதற்கு அமெரிக்காவைக் காட்டுகிறார்கள். அங்கே இன்று மேற்பட்டம் கேட்பது வாஸ்தவந்தான். ஆனால் 1965-ல் டியூக் சர்வகலாசாலையில் இப்படிப்பை ஆரம்பித்தபோது சேர்ந்தவர்கள் யார்? கடற்படையில் காயத்துக்குக் கட்டுக்கட்டிப் பழகிய நான்கு பேர். படிப்பு இரண்டே வருஷம். மேற்பட்டமில்லாதவர் தொட்டதால் நோயாளி செத்தா போனான்?

நம் நாட்டுச் சங்கதியைப் பாருங்கள். 1946-ல் சர் ஜோசப் போர் கமிட்டி கணக்குப்படி, இருந்த 47,524 டாக்டர்களில் 29,870 பேர் பட்டம் பெறாத லைசென்ஸ்காரர்கள். நம் பாட்டன்மார் ‘எல்.எம்.பி. டாக்டர்’ என்றது இவர்களைத்தான். இனிப் பட்டதாரி டாக்டர் மட்டுமே போதுமென்று கமிட்டியில் பெரும்பாலோர் சொன்னார்கள். அந்தப் படிப்பை மூடியாயிற்று. பட்டதாரிகள் பட்டிதொட்டிக்கெல்லாம் வந்து சேர்ந்தார்களா?

2021-ம் வருஷத்து மத்திய சர்க்கார் சட்டமும் இத்தகைய தொழில்களுக்குக் குறைந்தது 3,600 மணிநேரப் பட்டப்படிப்பைத்தான் கேட்கிறதே ஒழிய, எம்.எஸ்ஸி.யைக் கேட்கவில்லை.

உயிர் விஷயத்தில் அசட்டை கூடாது. போலி வைத்தியனுக்கும் தாயத்துக்காரனுக்கும் நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. பரீட்சையைக் கடுமையாக வையுங்கள். தேறாதவனை வெளியே அனுப்புங்கள். அதை விட்டு, இன்னும் இரண்டு வருஷம் பீஸ் கட்டு என்றால், சோமனூரில் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர் மகள் எங்கே போவாள்? பூணூல் பார்த்து நிறுத்திய வாசலில் இப்போது பணப்பையைப் பார்த்து நிறுத்துவதா?

அந்த இரண்டு வருஷத்தில் நோயாளிக்கு உதவும் எந்தப் புது வேலையைக் கற்றுக்கொடுப்பார்கள் என்பதை எம்.எஸ்ஸி. கேட்பவர்கள் முதலில் எழுதிக் காட்டட்டும். பிறகு பேசுவோம்.