பல் டாக்டர் ஆக எந்தக் கைடு?

பிள்ளை பல் டாக்டர் ஆக வேண்டும் என்ற ஆசை பல வீடுகளில் இருக்கிறது. பி.டி.எஸ். படிப்பில் சேர நீட் தேர்வு எழுத வேண்டும். உடனே உயிரியல் கைடு வாங்கக் கடைக்குப் போகிறார்கள். தகப்பனார் விலையைப் பார்க்கிறார். பையன் அட்டையைப் பார்க்கிறான். முக்கியமான ஒன்றை இருவரும் பார்ப்பதில்லை.

அது, கைடு அச்சான வருஷம்!

2024-ம் ஆண்டுத் தேர்வுக்கு நீட் பாடத்திட்டம் மாற்றப்பட்டது. சில பாடங்கள் நீக்கப்பட்டன. அவற்றில் ஒன்று செரிமானப் பாடம். மனிதனின் பற்களைப் பற்றி அந்தப் பாடத்தில்தான் படிப்பார்கள். பல் டாக்டர் படிப்புக்கான தேர்வில் பல் பாடம் இல்லை! கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால், அண்ணன் படித்த பழைய கைடை வைத்துக்கொண்டு, அதை நீட் தேர்வுக்காக இரவெல்லாம் உருப்போடும் தம்பிக்கு இது வேடிக்கை அல்ல, வீண் உழைப்பு.

அடுத்தது, விடைகள் சரியா என்பது.

2025-ல் நடந்த நீட் தேர்வில் மொத்தம் 180 கேள்விகள். அவற்றில் 90 கேள்விகள் உயிரியல். சரியான விடைக்கு 4 மார்க். தப்பான விடைக்கு 1 மார்க் குறைப்பு. கைடில் தப்பாக அச்சான விடையை நம்பி எழுதினால், வர வேண்டிய 4 மார்க்கும் வராது. கையில் இருப்பதில் 1 மார்க்கும் போகும். ஒரு அச்சுப் பிழைக்கு 5 மார்க் நஷ்டம்!

இதைத் தடுக்க ஒரு சுலப வழி உண்டு. கைடில் ஏதாவது பத்துக் கேள்விகளை எடுத்து, விடைகளைப் பாடப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். தப்புகள் தென்பட்டால் அந்தக் கைடு வேண்டாம்.

என்.சி.இ.ஆர்.டி.யின் 11, 12-ம் வகுப்பு உயிரியல் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் படிக்க வேண்டியவை அவைதான். நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால், ஆங்கிலக் கேள்வியே முடிவானது. ஆகவே தமிழில் எழுதும் மாணவர்கள், உயிரியல் சொற்களை ஆங்கிலத்திலும் தெரிந்துகொள்வது நல்லது.

பெற்றோர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கைடு வாங்கும் முன், அந்த ஆண்டுக்கான பாடத்திட்டத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, கைடின் பொருளடக்கத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. ஒரு வருஷ உழைப்பு வீணாகாது.

கைடு ஊன்றுகோல். கால் அல்ல!