அழியாத ஏடும் அதன் சாவிகளும்

ஓலைச்சுவடியைக் கரையான் அரித்தது. அச்சிட்ட ஏட்டை அரசுகள் பறிமுதல் செய்தன. இன்றைய இணையத்திலோ, நேற்று மாலை எழுதியது இன்று காலையில் காணாமற் போகிறது. தளத்தின் உரிமையாளர் நினைத்தால் எவர் எழுத்தையும் நீக்கலாம். எவரையும் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தலாம். ஆகவே, எவராலும் அழிக்க முடியாத ஏடு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சிலர் அறிவித்தபோது, உலகின் பல மூலைகளிலிருந்தும் எழுத்தார்வம் கொண்டோர் அதை நாடிச் சென்றதில் வியப்பில்லை. ஸ்டீம் என்பது அந்த ஏட்டின் பெயர். நெட் ஸ்காட், டான் லாரிமர் என்னும் இருவர் 2016ஆம் ஆண்டு அதைத் தொடங்கினர். அதன்மீது அமைந்த சமூகத் தளத்திற்கு ஸ்டீமிட் என்று பெயர்.

பிளாக்செயின் என்ற சொல்லைக் கேட்டு நம் அன்னையரும் பாட்டிமாரும் அஞ்ச வேண்டியதில்லை. மாதர் சங்கத்தின் கணக்கு நோட்டு செயலாளர் ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் ஒரு வரியை அடித்துத் திருத்திவிட முடியும். அதே நோட்டின் நகல் ஒவ்வோர் உறுப்பினர் வீட்டிலும் இருந்து, ஒவ்வொரு வரவும் எல்லா நகலிலும் ஏறிவிடுமானால் எவர் திருத்துவது? மேலும், இந்த ஏட்டில் ஒவ்வொரு பக்கமும் அதற்கு முந்திய பக்கத்தின் முத்திரையைத் தாங்கி வரும். நடுவில் ஒரு தாளை மாற்றினால் பின்னால் உள்ள தாள் எல்லாம் பொருந்தாமற் போய் களவு வெளிப்பட்டுவிடும். ஸ்டீமில் மக்களின் எழுத்தும் அவர்களின் நாணயமும் ஒரே பேரேட்டில் ஏறின. நல்ல கட்டுரைக்கு வாசகர் வாக்களிப்பர். அவ்வாக்கு எழுதியவருக்கு நாணயமாகும்.

ஆனால் தலைக்கு ஒரு வாக்கு என்ற முறை அங்கே இல்லை. எவரிடம் நாணயம் மிகுதியோ அவர் வாக்குக்கு எடை மிகுதி. எடை மிகுந்த ஒருவர் எதிர்வாக்கு இட்டால் எளியவரின் கட்டுரை மங்கலாக்கப்பட்டு மறைந்துவிடும். அழிக்கப்படவில்லைதான், ஆனால் எவர் கண்ணிலும் படாது. நம் வகுப்புத் தலைவித் தேர்தலில், கைச்செலவுக்கு அதிகப் பணம் கொண்டுவரும் மாணவிக்கு நூறு வாக்கு என்று ஆசிரியை அறிவித்தால் நாம் சும்மா இருப்போமா? அங்கே இருந்தார்கள். அதன் பலன் பின்னால் வந்தது.

முதல் அடி அந்த ஆண்டிலேயே விழுந்தது. 2016 ஜூலையில் தாக்குதல்காரர்கள் சுமார் 260 பேரின் கணக்குகளுக்குள் புகுந்தனர். ஏறத்தாழ 85,000 டாலர் மதிப்புள்ள நாணயம் களவு போயிருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்துத் தளத்தைத் தற்காலிகமாக மூடியது. பேரேட்டின் கணக்கு எவ்வளவு செம்மையாக இருந்தென்ன? சாவி பிறர் கைக்குப் போனால் அந்தச் செம்மையான பேரேடே திருடனின் கையொப்பத்தையும் உண்மையானதென்று ஏற்றுப் பதிந்துகொள்கிறது!

சாவி என்று சொன்னேன். கன்னியர் மடத்தில் வாயிற் கதவுக்கு ஒரு சாவி, உக்கிராண அறைக்கு ஒரு சாவி, பணப்பெட்டிக்கு ஒரு சாவி என்று இருப்பதுபோல, ஸ்டீமிலும் எழுதுவதற்கு ஒன்று, பணம் எடுப்பதற்கு ஒன்று, மற்றச் சாவிகளை மாற்றுவதற்கு ஒன்று என மறைச்சாவிகள் வேறு வேறாக உண்டு. எழுதும் சாவி களவு போனாலும் பணம் தப்பும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் சிலர் அவசரத்தில் பணச் சாவியையே, பணம் அனுப்பும்போது எழுதும் குறிப்பில் ஒட்டிவிட்டனர். குறிப்பு எல்லார் நகலிலும் ஏறிவிடும், எவரும் படிக்கலாம், அழிக்கவோ முடியாது.

நிற்க. இதைவிடப் பெரிய தாக்குதல் 2020இல் வந்தது. அதில் பூட்டு உடையவில்லை, சாவி திருடப்படவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் டிரான் என்னும் மற்றொரு நாணயத்தின் நிறுவனர் ஜஸ்டின் சன், ஸ்டீமிட் நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். அந்நிறுவனத்தின் கையில் மொத்த நாணயத்தில் பெரும் பங்கு இருந்தது. வளர்ச்சிப் பணிக்காக ஒதுக்கப்பட்டது, வாக்களிக்கப் பயன்படாது என்று மக்கள் நம்பியிருந்த பங்கு அது. பேரேட்டைக் காத்துவரும் முதன்மைச் சாட்சிகள் இருபது பேரையும் நாணயக்காரர்களின் வாக்கே தேர்ந்தெடுக்கும். புதிய முதலாளி அப்பங்கைக் கொண்டு எல்லாரையும் மாற்றிவிடுவாரோ என்று அஞ்சிய சாட்சிகள், பிப்ரவரி 23 அன்று அந்த நாணயத்தை முடக்கினர்.

மார்ச்சு 2ஆம் நாள் பதிலடி வந்தது. பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய நாணயச் சந்தைகள், தம்மிடம் வாடிக்கையாளர் நம்பி வைத்திருந்த நாணயத்தைக் கொண்டே வாக்களித்தன. இருபது சாட்சிகளும் ஒரே நாளில் தள்ளப்பட்டு, முதலாளிக்கு வேண்டியவர்கள் அமர்ந்தனர். வாக்களிக்க வேண்டுமானால் நாணயத்தைப் பூட்டி வைக்க வேண்டும். பூட்டியதை முழுதும் விடுவிக்க அப்போது 13 வாரம் ஆனது. ஊரார் பணத்தை எடுத்து வாக்களித்த சந்தைகள், அப்பணத்தைக் கேட்டு வந்த ஊராருக்கு என்ன சொல்லியிருக்கும்? கண்டனம் எழுந்ததும் தம் வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஆயினும் விதிகளை மாற்ற 17 சாட்சிகளின் இசைவு வேண்டும். இரு தரப்பிலும் அத்தனை பேர் இல்லை.

அப்போது பழைய மக்கள் செய்ததுதான் இந்த வரலாற்றில் என்னைக் கவர்ந்தது. அவர்கள் வழக்காடிக்கொண்டே இருக்கவில்லை. நகல்தான் எல்லாரிடமும் இருக்கிறதே! அதை எடுத்துக்கொண்டு வெளியேறினர். 2020 மார்ச்சு 20 அன்று, நான்காண்டு எழுத்தும் கணக்கும் அப்படியே நகலாக, முதலாளியின் பங்கை மட்டும் விட்டுவிட்டு, ஹைவ் என்ற புதிய பேரேடு பிறந்தது. தேன்கூடு என்பது அதன் பொருள். ராணித் தேனீயைப் பழைய கூட்டிலேயே விட்டுவந்த கூடு என்றுதான் சொல்ல வேண்டும். அழிக்க முடியாமை இந்த ஏட்டின் பெருமை என்று விளம்பரம் செய்கிறார்கள். என் கருத்தில் அது பெருமையன்று. தன் எழுத்தைத் தன்னுடன் எடுத்துக்கொண்டு வெளியேற முடிந்ததே பெருமை. மற்றத் தளங்களில் வெளியேறுகிறவள் வெறுங்கையுடன் போகிறாள்.

ஆனால் வெளியேறியவர்களை முழுப் புண்ணியவான்களாக வரைந்தால் உண்மைக்கு அநீதி செய்தவளாவேன். முதலாளியின் பக்கம் வாக்களித்த சில சாதாரண உறுப்பினர்களுக்கும் புதிய ஏட்டில் நாணயம் மறுக்கப்பட்டது. மாற்றுக் கருத்துக்கு வாக்களித்ததற்குத் தண்டனையா? கருத்துச் சுதந்திரத்தின் பெயரால் புறப்பட்டவர்களுக்கு இது அழகன்று. பழைய ஏட்டில் நடந்ததோ இன்னும் மோசம். 2020 மே மாதத்தில் அங்கே விதியையே மாற்றி, 64 கணக்குகளிலிருந்து 2 கோடியே 36 லட்சம் ஸ்டீம் நாணயத்தைப் பறித்தனர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 50 லட்சம் டாலர். அந்தப் பணத்தை முகம் காட்டாத ஒருவர் உடனே ஒரு நாணயச் சந்தைக்கு அனுப்பி, உரியவர்களிடம் திருப்பித் தரும்படி குறிப்பும் எழுதிவிட்டார். இருபது சாட்சிகளின் நாற்காலி ஒருவர் பிடிக்குள் வந்துவிட்டால், கல்லில் வெட்டிய எழுத்தென்று சொன்னதெல்லாம் மணலில் எழுதியதாகிவிடுகிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய மறுபக்கம் ஒன்று உண்டு. பதினைந்து வயதில் தோழிமீது கோபம் கொண்டு ஒருத்தி நாலு வரி எழுதிவிடுகிறாள். அல்லது அவளைப் பற்றி வேறெவரோ பொய்யாக எழுதிவிடுகிறார்கள். அந்த ஏட்டில் பின்னால் திருத்தி எழுதலாம். ஆனால் பழைய வரி பழைய பக்கத்தில் இருந்துகொண்டே இருக்கும். இருபத்தைந்து வயதில் அவள் வேலைக்குப் போகும்போதும் தேடுகிறவர் கையில் அது அகப்படும். ஒருவரைப் பற்றிய தகவலை நீக்கக் கோரும் உரிமையை 2018 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் வழங்குகிறது. ஆயிரம் நகல்கள் ஆயிரம் வீட்டில் இருக்கும்போது அந்தக் கோரிக்கை மனுவை எந்தக் கதவில் கொடுப்பது?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றி வெளியிட்ட ஏட்டில், செய்தியறியும் உரிமை மனித சமுதாயத்துக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது. அதே மூச்சில், அச்செய்தி உண்மையானதாகவும் நீதிக்கும் அன்புக்கும் உட்பட்டதாகவும் இருக்கவேண்டும் என்றும் கேட்டது. கணினியே இல்லாத வீடுகளின் காலத்தில் எழுதப்பட்டதாயினும் இந்த வழக்குக்கு அது பொருந்துகிறது. முத்திரை சரியா என்று பேரேடு பார்க்கும். சொன்னது மெய்யா என்று பார்க்காது.

எழுதியவளுக்குத் தன் வரியை நீக்கும் உரிமை வேண்டும். முதலாளிக்கும் ஆட்சியாளருக்கும் அது கூடாது என்பேன் நான். இரண்டையும் ஒரே ஏட்டில் அமைப்பது எளிதன்று. அவள் நீக்கச் சொன்னால், நகல் வைத்திருப்போர் ஒவ்வொருவரும் தம் நகலிலிருந்து எடுக்க இசைய வேண்டும். முதலாளி அதையே சொன்னால் ஒவ்வொருவரும் மறுக்க வேண்டும். கேட்பது யார் என்று பிரித்தறியும் பொறுப்பு இயந்திரத்திடமிருந்து மீண்டும் அந்த வீட்டுக்காரர்களிடமே வந்துசேர்கிறது.