நட்டவர் பலர், நீர் ஊற்றியவர் யார்?

சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் நம் சங்கம் ஒரு நல்ல காரியத்தைச் செய்தது. ஒரு நிறுவனத்தோடு கைகோத்து, விடுதிக்குப் பின்னால் கிடக்கும் வெற்றுத் திடலில் நூறு மரக்கன்றுகளை நட்டோம். பேச்சுகள் நடந்தன. கைதட்டல் எழுந்தது. 'இயற்கையைக் காக்கும் கூட்டணி' என்று துணியில் எழுதிக் கட்டினோம். நானும் ஒரு வேப்பங்கன்றை நட்டுவிட்டு, நாட்டுக்கே தொண்டு செய்துவிட்ட நிறைவோடு அறைக்குத் திரும்பினேன்.

இந்த மே மாதத்தில் தேர்வு முடிந்த ஒரு மாலையில் அத் திடலுக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். பதினொரு கன்றுகள் உயிரோடு இருந்தன. என் வேம்பு அவற்றில் இல்லை.

மற்றவை ஏன் பட்டுப்போயின? நிறுவனத்தார் விடுதி நீர் ஊற்றும் என்று நினைத்தார்கள். விடுதி சங்கம் ஊற்றும் என்று நினைத்தது. நாமோ தோட்டக்காரர் இருக்கிறாரே என்று இருந்துவிட்டோம். அந்தத் தோட்டக்காரரையே கேட்டேன். "பாபூஜி, நட அன்று அத்தனை பேர் வந்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னவர் யார்? அங்கே குழாய் இல்லை என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?" என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை.

நண்பர்களே, இது நூறு கன்றுகளைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. இயற்கைச் செல்வத்தைக் காக்க நிறுவனங்கள் ஒன்றுசேரும்போதெல்லாம் நேரக்கூடிய தவற்றை நாம் நம் கொல்லையிலேயே செய்து காட்டியிருக்கிறோம். இந்த ஆண்டும் அத்தகைய ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிடுமாறு நமக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஆதலால் இதைப்பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

ஞாயிறு மாலைகளில் நாம் காற்று வாங்கப் போகும் சுக்னா ஏரியையே எடுத்துக்கொள்வோம். சிவாலிக் குன்றுகளிலிருந்து மழைக்காலத்தில் மட்டும் இறங்கி வரும் ஓர் ஓடையை மறித்து 1958இல் கட்டப்பட்ட செயற்கை ஏரி அது. நிலவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: சிவாலிக் குன்றுகள் நம் ஊர்க் கருங்கல் மலைகளைப் போன்றவை அல்ல. மென்மையான மணற்கல்லும் களிமண்ணும் கூழாங்கல்லும் கலந்தவை. மேலே புல்லும் மரமும் இல்லையென்றால் ஒரே மழையில் கரைந்து ஓடிவரும். அப்படித்தான் வந்தது. 1970களில் ஏரியின் கொள்ளளவில் பெரும் பகுதியை வண்டல் விழுங்கிவிட்டது. எவ்வளவு வாரினாலும் அடுத்த மழை மறுபடியும் நிரப்பியது.

வண்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் புறப்பட்டவர், மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டிகர்க் கிளையைச் சேர்ந்த விஞ்ஞானி பி. ஆர். மிஸ்ரா. தேடல் அவரைச் சுக்கோமாஜ்ரி என்னும் சிற்றூரில் கொண்டுபோய் நிறுத்தியது. சண்டிகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஆடுமாடு மேய்த்தும், மழையை நம்பி உழுதும் வாழ்ந்த ஏழை மக்கள். அவர்களுடைய ஆடுமாடுகள் மேய்ந்து மேய்ந்து குன்றுகள் மொட்டையாகியிருந்தன.

சட்டம் இல்லாமலா போயிற்று? இந்தக் குன்றுகளைக் காப்பதற்கென்றே 1900ஆம் ஆண்டில் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. முக்கால் நூற்றாண்டுக் காலம் சட்டம் ஏட்டில் இருந்தது. ஆடு குன்றில் இருந்தது. வயிறு பசிக்கிறவனிடம் 'மேய்க்காதே' என்று மட்டும் சொன்னால் அவன் எப்படிக் கேட்பான்?

மிஸ்ராவும் அவருடைய குழுவினரும் முதலில் தடுப்பணை கட்டினார்கள், கன்று நட்டார்கள். ஆனால் மேய்ச்சல் நிற்கவில்லை. 1976இல் ஊருக்கு மேலே மழைநீரைத் தேக்க ஒரு சிறு மண் அணை எழுந்தது. அந்த நீர் வயலுக்குப் பாய்ந்து விளைச்சல் கண்டபோதுதான் மக்களுக்கு அணையில் அக்கறை பிறந்தது. குன்று கரைந்தால் அணை தூர்ந்துபோகும், அணை தூர்ந்தால் வயல் காயும் என்ற கணக்கு அவர்களுக்கே விளங்கிற்று.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. அணை நீர் வயல் உள்ளவனுக்குப் பயன்படும். வயலே இல்லாதவன் எதற்காக ஆட்டைக் கட்டிப்போட வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஊரார் கண்ட விடை என்னை வியக்க வைக்கிறது. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சம பங்கு என்று விதி செய்தார்கள். நிலமற்றவன் தன் பங்கைப் பிறருக்கு விற்கலாம். அதற்கு ஈடாக எவரும் குன்றில் மாட்டை விடக்கூடாது. முள்வேலியும் இல்லை, காவலாளும் இல்லை. 'சமூக வேலி' என்று அதற்குப் பெயர் வந்தது.

குன்று பச்சை பிடித்தது. தீவனப் புல் வளர்ந்தது. கயிறு திரிக்கவும் காகிதம் செய்யவும் உதவும் 'பப்பர்' புல்லும் செழித்தது. அதுவரையில் அந்தப் புல்லை வன இலாகா ஒப்பந்தக்காரர்களுக்கு ஏலம் விட்டுவந்தது. பின்னர் கிராம மக்களின் சங்கமே பணம் கட்டி அந்த உரிமையைப் பெற்றது. ஆடுகள் குறைந்தன, எருமைகள் பெருகின, பால் பெருகியது. கீழே ஏரிக்கு வரும் வண்டலும் பெரிதும் குறைந்தது. நகரத்தார் ஏரியில் படகு விட முடிந்ததற்குக் காரணம், பெயர் தெரியாத ஏழைகள் தம் ஆடுகளைக் கட்டிப்போட்டதுதான்!

இதில் நிறுவனங்களுக்குப் பங்கே இல்லையா என்று நண்பர் சிலர் கேட்கலாம். உண்டு. ஆராய்ச்சி நிலையத்தின் அறிவும், ஃபோர்டு அறக்கட்டளையின் பொருளுதவியும், வன இலாகாவின் இசைவும் இன்றி அது நடந்திராது. வெளியார் பணமே கூடாது என்று நான் வாதாடவில்லை. மேற்கு வங்காளத்தில் மிதுனப்பூரை அடுத்த அரபாரியிலும் இதே பாடந்தான். 1970களின் தொடக்கத்தில் ஏ. கே. பானர்ஜி என்ற வன அதிகாரி, அழிந்துகொண்டிருந்த 1,272 ஹெக்டேர் சால் காட்டைக் காக்கும் பொறுப்பை 618 குடும்பங்களிடம் ஒப்படைத்தார். விற்பனை வருவாயில் நூற்றுக்கு 25 பங்கு அவர்களுக்கு என்று வாக்களித்தார். காடு மீண்டும் எழுந்தது. 1990 ஜூனில் மத்திய அரசாங்கம் கூட்டு வன மேலாண்மைக்கு நாடு முழுவதும் வழி திறந்ததற்கு இத்தகைய முயற்சிகளே முன்மாதிரி.

ஆனால் கதையின் பிற்பகுதியையும் மறைத்தல் ஆகாது. சுக்கோமாஜ்ரியின் வருவாய் உயர்ந்ததும் அதன் சங்கத்தைத் தேடி வருமான வரி வந்தது. புல் வருமானத்தில் தன் பங்கை அரசாங்கம் வலியுறுத்தியது. காத்தவனுக்குக் கிடைக்கும் பங்கு சுருங்கினால் அவனுடைய ஊக்கமும் சுருங்கத்தானே செய்யும்? கூட்டணி என்பது ஒரு நாள் கையொப்பம் அன்று. ஆண்டுதோறும் பங்கைச் சரிபார்க்கும் நேர்மை என்பதையே இது காட்டுகிறது.

நமக்கும் இது புதியதன்று. சிவகங்கைச் சீமையில் என் தாத்தாவின் ஊர்க் கண்மாயைப் பற்றி அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். மடை திறக்க ஒரு நீர்ப்பாய்ச்சி. அவருக்கு ஊரார் களத்திலேயே நெல் அளப்பார்கள். மீன் ஏலத்தில் வந்த பணம் ஊர்ப் பொதுவுக்கு. குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள். பழமை எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. கண்மாய் நீர் நிலமுடையவனுக்கே பாய்ந்தது. கரையில் மண் சுமந்த நிலமற்றவனுக்கு நீரில் பங்கு கிடையாது. அந்த ஒரு குறையைத்தான் சுக்கோமாஜ்ரி தீர்த்துக் காட்டியது. எங்கோ பிறந்து இங்கு வந்து படிக்கும் நாம், இந்த மண்ணிலிருந்து கற்றுக்கொண்டு ஊருக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பாடம் அது.

ஆகவே சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியுள்ளேன். இயற்கைப் பாதுகாப்புக்காக நாம் யாரோடு ஒப்பந்தம் செய்தாலும் மூன்று செய்திகள் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். அன்றாடம் வேலை செய்யப்போகிறவரைக் கேட்டுத்தான் முடிவு எடுத்தோமா? அதனால் வரும் பயனில் அவருக்கு என்ன பங்கு? ஓராண்டுக்குப் பின் யார், எங்கே கணக்குக் காட்டுவது? இம் மூன்றுக்கும் விடை இல்லையென்றால் துணி கட்டுவதும் வேண்டாம், படம் எடுப்பதும் வேண்டாம்.

கணக்கை இந்த இதழிலேயே வெளியிடலாம். முதற்கணக்கை நானே தந்துவிட்டேன்: நட்டவை நூறு, நிற்பவை பதினொன்று. அந்தப் பதினொன்றுக்கும் தோட்டக்காரர் குளிக்கும் தொட்டியிலிருந்து வாளியில் நீர் சுமந்து ஊற்றியிருக்கிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை. யாரும் அவருக்கு நன்றியும் சொல்லவில்லை. இந்த ஆண்டுக் கூட்டத்துக்கு முதலில் அவரை அழைப்போம். குழாய் எங்கே வேண்டும் என்று அவர் சொல்லட்டும். அதன் பிறகு கன்று வாங்குவோம்.

என் கருத்தை மறுப்போர் அடுத்த இதழில் எழுதட்டும். ஆனால் எழுதுமுன் ஒரு மாலை அந்தத் திடலுக்குப் போய், அந்தப் பதினொரு கன்றுகளைப் பார்த்துவிட்டு வரட்டும்.